வழுவும் அமைதியும்: நபோக்கவின் ‘ப்னின்’ நாவலில் பிற்பட்ட வயதுக் குடியேறியின் மொழி

விளாதிமிர் நபோக்கவ் 1957இல் வெளியிட்ட ‘ப்னின்’ என்னும் ஆங்கில நாவல், நாற்பது வயதைக் கடந்தபின் அமெரிக்காவிற் குடியேறிய ரஷ்ய ஆசிரியர் ஒருவரைப் பற்றியது. அதன் முதல் இயல் 1953 நவம்பரில் ‘நியூ யார்க்கர்’ இதழிற் கதையாக வந்தது. நகைச்சுவை நாவல் என்றே பலரும் அதனை வகைப்படுத்துவர். சிரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் கதைத்தலைவரின் ஆங்கிலமே. அந்த ஆங்கிலத்தை மொழியியல் நோக்கில் ஆராய்ந்து, தமிழிற் பெயர்க்க முற்படுவோர் எதிர்கொள்ளும் சிக்கலை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். சிக்கல் நடையைப் பற்றியது மட்டுமன்று. ப்னின் தம் பிழைகளுக்காகக் கேலி செய்யப்படுகிறார்; மொழிபெயர்ப்பாளர் அக்கேலியில் எந்த அளவுக்குப் பங்கு கொள்ளலாம் என்பதே வினா.

திமஃபேய் பாவ்லவிச் ப்னின் 1898இற் பிறந்தவர். பிராகில் உயர்கல்வி பெற்றுப் பாரிசில் நெடுங்காலம் வாழ்ந்து 1940இல் அமெரிக்கா சேர்ந்தவர். வெய்ன்டெல் என்னும் கற்பனைக் கல்லூரியில் ரஷ்ய மொழி கற்பிக்கிறார். நிலையான பதவி இல்லை. ஜெர்மன் துறைத் தலைவர் ஹாகனின் ஆதரவே அவர் வேலைக்குப் பிணை. நாவலாசிரியரும் அதே 1940ஆம் ஆண்டு மே மாதத்தில், தமது நாற்பத்தொன்றாம் வயதில், பிரான்சிலிருந்து நியூயார்க் வந்திறங்கியவர். எனினும் இருவரையும் ஒருவராகக் கொள்ளுதல் தவறாகும். நபோக்கவ் பீட்டர்ஸ்பர்கில் செல்வக் குடும்பத்திற் பிறந்து, இளமையிலேயே ஆங்கிலம் பயின்று, கேம்பிரிட்ஜிற் படித்தவர். ப்னினுக்கு அவ்வாய்ப்பு இல்லை. பிழையற்ற ஆங்கிலம் உடைய குடியேறி ஒருவர், பிழை மலிந்த ஆங்கிலம் உடைய குடியேறி ஒருவரைப் பற்றிச் சொல்லும் கதை இது. கதைசொல்லியும் நாவலுக்குள் ஒரு பாத்திரமாக வருகிறார். இறுதியில் அவருக்கே வெய்ன்டெலிற் பதவி கிடைக்கிறது. அவருக்குக் கீழ்ப் பணியாற்ற மறுத்துப் ப்னின் ஊரைவிட்டு வெளியேறுகிறார். இவ்வமைப்பை மறந்துவிட்டு ப்னினின் ஆங்கிலத்தைப் பற்றிப் பேச இயலாது.

ஒலிப்பதிவு

நாவலின் மூன்றாம் இயலை அடுத்துப் படிக்கும் மொழியியலாருக்கு முதலில் ஏற்படுவது வியப்பு. ப்னினின் ஒலிப்பை விளக்கும் பத்தி, களஆய்வுக் குறிப்பேட்டிற் காணத்தக்க நுட்பம் உடையது. இ, எ முதலிய முன்னுயிர்களுக்கு முன் வரும் தகரத்தையும் டகரத்தையும் அண்ணச் சாயலின்றி ஒலிக்க அவரால் இயலவில்லை. ரஷ்யத்தில் மெய்கள் வன்மெய், மென்மெய் என இணையிணையாக நிற்பதும், அவ்வுயிர்களுக்கு முன் மென்மெய் வருவதும் இதற்குக் காரணம். ‘நூன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் நெடில் அவர் வாயிற் குறிலாகிறது. அக்குறை தமக்கு உண்டென்பதையும் அவர் அறியார். ரஷ்யத்தில் உயிரின் நீட்டல் ஒலியன் வேறுபாடு அன்று. அழுத்தம் பெற்ற உயிர் சற்று நீளும், அவ்வளவே. எனவே ‘ஜோன்’ என்னும் பெயருடைய வீட்டுக்காரப் பெண்மணியை அவர் ‘ஜான்’ என்று ஆண்பெயரால் அழைக்கிறார்.

உரியேல் வைன்ரைக்கின் ‘தொடர்பில் மொழிகள்’ என்னும் நூல் வெளிவந்ததும் 1953ஆம் ஆண்டிலேயே. வில்னாவிற் பிறந்து 1940இல் இளைஞராக நியூயார்க் சேர்ந்தவர் அவர். முதல்மொழியில் இல்லாத ஒலியன் வேறுபாட்டை இரண்டாம் மொழியிற் கேளாதிருத்தலை அந்நூல் குறுக்கீட்டின் ஒரு வகையாகப் பிரித்துக் காட்டுகிறது. ப்னினின் ‘நூன்’ அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. ஒருவரை ஒருவர் பார்த்து எழுதினர் என்பது என் கருத்தன்று. அப்பதிற்றாண்டுகளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் தாழ்வாரங்களில் இத்தகைய ஆங்கிலம் நாள்தோறும் ஒலித்தது, செவியுடையோர் குறித்துக்கொண்டனர். மொழியியலின் முதல்வர்களுள் ஒருவரான ரோமன் யாக்கப்சன் 1941இல் தமது நாற்பத்து நான்காம் வயதில் நியூயார்க் சேர்ந்தவர். ரஷ்ய மொழியைப் பல மொழிகளிற் பேசவல்லவர் என அவரைப் பற்றி நட்பார்ந்த கேலி ஒன்று இத்துறையில் இன்றும் வழங்குகிறது.

வேறொரு செய்தியும் கருதத்தக்கது. ப்னின் ஆங்கிலம் கற்ற வரலாற்றைக் கதைசொல்லி ஆண்டு வாரியாகக் கூறுகிறார். முதல் ஓரிரு ஆண்டுகளிற் சில மரபுத்தொடர்கள் கைவருகின்றன. பத்தாண்டுக்குள் எப்பொருளைப் பற்றியும் பேசும் ஆற்றல் வந்துவிடுகிறது. பின்னர் எவ்வளவு முயன்றும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. லாரி செலிங்கர் 1972இல் ‘இடைமொழி’ என்னும் கருத்தை முன்வைத்தபோது, கற்போனின் மொழி ஒரு கட்டத்தில் உறைந்துபோவதை விளக்கத் தனிக் கலைச்சொல் ஒன்றைப் பயன்படுத்தினார். நாவல் அந்நிலையைப் பெயரிடாமற் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே விவரித்திருக்கிறது. உறைதல் சோம்பலால் நேர்வதன்று, முயல்வோனுக்கும் நேர்வது என்னும் உண்மையையும் சேர்த்தே விவரித்திருக்கிறது.

பற்கள் அனைத்தையும் பிடுங்கிக்கொண்ட பின் ப்னினின் நா தடுமாறும் பகுதியும் இவ்வகையில் நோக்கத்தக்கது. பழகிய பாறைகளுக்கிடையே புரண்டு திளைத்த கடல்நாயாக நாக்கு உருவகிக்கப்படுகிறது. இப்போது பாறைகள் இல்லை. நாட்டை இழந்தவனின் நிலையை வாய்க்குள்ளேயே வைத்துக் காட்டிய இடம் இது. ஒலிப்பிடங்களைப் பற்றி மாணவர்க்குக் கற்பிக்கும் எவரும் இப்பகுதியை எளிதில் மறவார்.

இத்துணை நுட்பமான பதிவுக்கு இடையே வேறு வகையான பதிவும் உண்டு. முன்னாள் மனைவி வந்து சென்ற நாளில், துயரம் தாங்காமல், ப்னின் வீட்டின் அடுக்களையில் மதுவும் சோடாவும் தேடுகிறார். விஸ்கி, சோடா என்னும் இரு சொற்களையும் கதைசொல்லி, ‘பிசுபிசுப்பான’, ‘மரத்தூள்’ என்று பொருள்படும் வேறிரு ஆங்கிலச் சொற்களாக எழுதிக்காட்டுகிறார். ரஷ்ய ஒலிப்பில் விஸ்கியின் முதலெழுத்து பல்லிதழ் ஒலியாவது இயல்பு. அதற்கு மேல் உள்ளது எழுதுவோன் சேர்த்தது. கேட்ட ஜோன் ஒரு நொடியும் தயங்கவில்லை. சோடா இல்லை, விஸ்கி உண்டு, தேநீர் குடிக்கலாம் என்கிறார். உரையாடல் தடையின்றி நடந்துவிட்டது. தடுக்கி விழுந்து சிரிப்பவர் வாசகர் மட்டுமே. அவரைத் தடுக்கச் செய்தது எழுத்துக்கூட்டல். நாவலின் அறச்சிக்கல் இவ்விடத்திற் குவிந்திருக்கிறது என்பது என் துணிபு. அண்ணச் சாயலைக் குறிக்கும் பத்தி ஆய்வாளனுடையது, மரத்தூள் நடிகனுடையது. இரண்டையும் ஒரே கை எழுதுகிறது.

பிறர் பேச்சை எழுத்தில் வடிக்கும் தொழிலினர் நாம். களஆய்வொன்றில், ஐம்பதை நெருங்கிய வயதில் வேற்று மொழி மாநிலத்திற் பிழைக்க வந்த தகவலாளர் ஒருவரின் பேச்சை ஒலிநாடாவிலிருந்து அப்படியே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாதிருந்தவர், “நான் இப்படியாங்க பேசறேன்?” என்றார், பின்னர், “நீங்களே திருத்தி எழுதிடுங்க” என்றார். திருத்தினால் தரவு கெடும் என விளக்கினேன். அவர் தலையசைத்தார், ஆனால் அடுத்த நாள் முதல் வினாக்களுக்கு ஒற்றைச் சொல்லிலேயே விடை தந்தார்.

வழுவும் வழுவமைதியும்

தமிழ் இலக்கண மரபில் இந்நிலையை ஆராய ஏற்ற கருவி உண்டு. திணை, பால், இடம், காலம், வினா, செப்பு, மரபு என வழு எழுவகைப்படும். வழுவைக் கண்டு விலக்குவதோடு நம் இலக்கணிகள் நின்றுவிடவில்லை. காரணம் பற்றி ஏற்கத்தக்க வழுவை வழுவமைதி எனத் தனியே வகுத்தனர். ப்னினின் பிழைகளை இவ்வகைப்பாட்டில் வைத்துப் பார்ப்பின் அவற்றுட் பல, ரஷ்ய மொழி அல்லது ரஷ்யக் கல்வி என்னும் காரணம் உடையனவாதல் புலனாகும்.

அவர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கியபோது நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். நீர் அரசின்மைக் கொள்கையினரா எனக் குடிநுழைவு அதிகாரி கேட்கிறார். ப்னின், அச்சொல்லுக்கு எப்பொருள் கொள்வது, நடைமுறைக் கொள்கையா, மெய்யியற் கொள்கையா, தனிமனிதக் கொள்கையா, சமூகக் கொள்கையா என எதிர்வினா எழுப்புகிறார். விளைவு, எல்லிஸ் தீவில் இரண்டு வாரக் காவல். அதிகாரியின் நோக்கில் இது செப்பு வழு. தொல்காப்பியரோ வினாவுக்கு எதிராக வரும் வினாவையும் செப்பென்றே ஏற்பவர். அவர் அம்மேசையில் அமர்ந்திருந்தால் ப்னின் அன்றே ஊருக்குள் சென்றிருப்பார். வேடிக்கை ஒருபுறம் இருக்க, அவ்வெதிர்வினாவின் தொடரமைப்பும் நோக்கத்தக்கது. ஒரு சொல்லால் இன்னது பொருள்படுகிறது என்பதை ரஷ்யத்தில், அச்சொல்லின் ‘கீழ்’ இன்னதைப் புரிந்துகொள்கிறோம் என்பர். அம்முன்னிடைச் சொல்லை ப்னின் அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுவருகிறார். இது அறியாமையன்று, கற்றவர் வழக்கின் நேர்பெயர்ப்பு. எழுதப் படிக்கத் தெரியாத ரஷ்யர் எவரும் இப்பிழையைச் செய்யமாட்டார்.

மற்றொன்று கால்பந்து. விருந்தினனாக வரும் சிறுவன் விக்டருக்குப் பரிசளிக்க ப்னின் கடையிற் கால்பந்து கேட்கிறார். கடைக்காரர் அமெரிக்க வழக்கப்படி முட்டை வடிவப் பந்தை எடுத்து வைக்கிறார். அமெரிக்கருக்கு இது மரபு வழு. இந்தியாவில் ஆங்கிலம் கற்ற நாம் அனைவரும் இவ்விடத்தில் ப்னின் பக்கமே நிற்போம். நமக்கும் அச்சொல் உருண்டைப் பந்தையே குறிக்கும். நகைச்சுவை யாரை நோக்கியது என்பது வாசகன் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறுகிறது. தமிழ் மொழிபெயர்ப்பில் இப்பகுதியிற் சிரிப்புக்கு உள்ளாகுபவர் கடைக்காரரே. மொழிபெயர்ப்பாளர் ஏதும் செய்யவேண்டியதில்லை.

தமிழாக்கத்தில்

முதலில் பெயர். மெய்ம்மயக்கத்தோடு சொல் தொடங்குதல் தமிழ் மரபன்று. ‘ப்னின்’ என எழுதத் தயங்குவோர் உகரம் சேர்த்துப் ‘புனின்’ என்பர். உடனே அது 1933இல் நோபெல் பரிசு பெற்ற எழுத்தாளர் இவான் புனின் பெயராகிவிடும். ஒலிப்புடை, ஒலிப்பிலா வேறுபாட்டை நம் எழுத்து காட்டாது. மேலும் நாவலின் முதல் இயலிற் கிரிமோனா மகளிர் கழகத்தின் தலைவி இப்பெயரை இடையில் உயிர் செருகியே சொல்கிறார். நாமும் செருகிவிட்டால் அவருடைய பிழை தமிழிற் பிழையாகத் தோன்றாது. எனவே ‘ப்னின்’ என்பதே தக்கது. கண்ணுக்குச் சிறிது உறுத்துவதும் நன்றே. இது வரலாற்றில் இருந்த பெயர். ரெப்னின் என்னும் இளவரசரின் திருமணத்துக்குப் புறம்பான மகனாகப் பிறந்து 1805இல் மறைந்த இவான் ப்னின் என்னும் கவிஞர், தந்தையின் பெயரில் முதல் அசை நீக்கப்பட்ட வடிவத்தையே தம் பெயராகக் கொண்டிருந்தார். வெட்டுண்ட பெயரைச் செப்பனிட்டு ஒட்டுவது நம் வேலையன்று. தந்தைவழிப் பெயர் பற்றிக் கவலை வேண்டா. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் முதலியோர் ரஷ்ய நூல்களைத் தமிழில் தந்ததால், பாவ்லவிச் என்பதைத் தமிழ் வாசகர் திகைக்காமற் படிப்பர்.

அடுத்துப் பேச்சு. நாவலில் மூன்று ஆங்கிலங்கள் உள்ளன: கதைசொல்லியின் ஆங்கிலம், ப்னின் பேசும் ஆங்கிலம், ப்னின் ரஷ்யத்திற் பேசுவதைக் கதைசொல்லி பெயர்த்துத் தரும் ஆங்கிலம். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்தாம் இயலிற் குடியேறிய ரஷ்யர்கள் கோடையில் ஒரு நாட்டுப்புற மாளிகையிற் கூடுகின்றனர். அங்கே ப்னினின் பேச்சு பழுதற்ற, கற்றறிந்த பேச்சு. பந்தாட்டத்திலும் அவரே வல்லவர். புகென்வால்ட் முகாமில் இறந்த தம் இளமைக் காதலி மீராவை அவர் நினைந்து நொறுங்குவதும் அங்கேதான். அதே மனிதர் வெய்ன்டெலில் ‘நூன்’ சொல்லத் தெரியாதவர். தமிழாக்கத்தில் இரண்டாம் மூன்றாம் அடுக்குகள் கலந்துவிட்டால் நாவலே இல்லை.

இரண்டாம் அடுக்கை எத்தமிழில் தருவது? எளிய வழி ஒன்று நம் நாடகமும் திரைப்படமும் வகுத்து வைத்திருப்பது: ‘டமில்’ என ஒலிக்கும் துரைத் தமிழ். அவ்வாறு செய்தல் கூடாது. அத்தமிழ் எந்த ஒரு மொழியின் குறுக்கீட்டையும் பதிவு செய்வதன்று. அயலான் என்னும் முத்திரை மட்டுமே. வட்டார வழக்கொன்றை அளிப்பது அதனினும் தீது. அவ்வட்டாரத்தார் செய்த குற்றம் யாது?

மாறாக, ரஷ்யர் ஒருவர் தமிழ் கற்றால் எங்கே இடறுவார் என ஆராய்ந்து, அவ்விடங்களிற் பிழையை அமைக்கலாம் என்று கூறுவோர் இருப்பர். கோட்பாட்டளவில் இது கவர்ச்சியானது. ப்னின் இழந்த நீட்டல் வேறுபாடு தமிழில் உயிர்நாடி. செவ்வாய்க்கிழமை பிற்பகற் பாடம் இல்லை என்று சொல்ல வந்தவர் படம் இல்லை என்பார். வீட்டுக்குப் பால் கேட்பவர் பல் கேட்பார். ரகர றகரமும் லகர ளகர ழகரமும் ஒன்றாகும். நானும் இம்முறையில் இரண்டு பக்கங்களைப் பெயர்த்துப் பார்த்தேன். முதற் பக்கம் சுவையாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ப்னின் மறைந்து, மொழியியற் பயிற்சி ஒன்றே எஞ்சியது. நான் செய்தது மரத்தூள் வேலை என்பது அப்போது விளங்கியது.

எனவே ஒலிப்பிழைகளைக் கதைசொல்லியின் விளக்கப் பகுதியோடு நிறுத்திக்கொண்டு, உரையாடலில் மிக அரிதாகவே காட்டலாம் என்பது என் பரிந்துரை. வாசகர் ஒருமுறை அறிந்துகொண்டால் பிறகு தாமே கேட்பர். தொடர்ப்பிழைகளுக்கு வழி வேறு. ப்னின் ரஷ்யத்திலிருந்து நேர்பெயர்த்த இடத்தில், மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தை விடுத்து அதன் அடியிலுள்ள ரஷ்யத் தொடரைக் கண்டு, அதனைத் தமிழில் நேர்பெயர்க்க வேண்டும். ‘இச்சொல்லின் கீழ் நாம் எதனைப் புரிந்துகொள்கிறோம்’ என்பது தமிழிலும் சற்றே கோணலாக, ஆனால் கற்றவன் கோணலாக, ஒலிக்கிறது. வேண்டியதும் அதுவே. சில பிழைகள் தாமே மறைந்துபோகும். ஆங்கிலச் சார்படைகளை ரஷ்யர் விட்டுவிடுவர். தமிழிற் சார்படைகளே இல்லையாதலின் ப்னின் அங்கே நலம்பெற்றுவிடுகிறார். வெரா நபோக்கவின் துணையோடு கென்னதி பரப்தார்லோ செய்த ரஷ்யப் பெயர்ப்பு 1983இல் வெளிவந்தது. பிழைகளுக்குக் காரணமான மொழியிலேயே அவற்றை அமைக்க வேண்டிய இடர்ப்பாட்டோடு ஒப்பிட்டால் நமது இடர்ப்பாடு சிறிதே.

ஓர் இடத்தில் எனக்கு மயக்கம் உண்டு. புதுமனை விருந்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொகைச்சொல்லில் இளஞ்சூட்டைக் குறிக்கும் பகுதிக்கு மாறாகக் கடுஞ்சூட்டைக் குறிக்கும் சொல்லைப் பெய்து ப்னின் நண்பர்களை அழைக்கிறார். தமிழில் ‘பால் காய்ச்சுதல்’ என்னும் வழக்கு இருப்பது மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைத்த புதையல் போலத் தோன்றும். ‘பால் கொதிப்பு விழா’ என்று ப்னினைப் பேசவைக்கலாம். வெய்ன்டெலில் ஒரு தமிழ் அடுப்பை மூட்டுவது முறையா? முறையன்று என்றே இப்போதைக்குக் கருதுகிறேன். ‘புதுமனை புகுதல்’ என்பதனைப் ‘புதுமனை நுழைதல்’ என மாற்றி நிறைவடையலாம். சிரிப்புக் குறையும். அவ்விருந்தின் முடிவு சிரிப்புக்குரியதும் அன்று.

கடிதம்

முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர் வீட்டு அறைகளில் வாழ்ந்தவர், முதன்முறையாகத் தனி வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அதனை விலைக்கு வாங்கவும் எண்ணியிருக்கிறார். விருந்து முடிந்தபின் ஹாகன் தனியே நின்று, தாம் வேறு கல்லூரிக்குச் செல்வதையும், ப்னினுக்கு இனி இங்கு இடமில்லை என்பதையும் தெரிவிக்கிறார். ப்னின் பாத்திரங்களைக் கழுவுகிறார். விக்டர் அனுப்பிய நீலப்பச்சைக் கண்ணாடிக் கிண்ணம் நுரைக்குள் இருக்கும்போது, கொட்டைவெட்டி ஒன்று கைநழுவி உள்ளே விழுகிறது; உடையும் ஒலி கேட்கிறது. உடைந்தது வேறொரு குவளை, கிண்ணம் அன்று.

பின் அவர் அமர்ந்து ஹாகனுக்கு ஆங்கிலத்திற் கடிதம் எழுதத் தொடங்குகிறார். பேசியவற்றைத் தொகுத்துக் கூற அனுமதி வேண்டும் முதல் வரியிலேயே ஒரு நீண்ட சொல்லில் இரண்டு உயிர்கள் இடம்மாறிவிடுகின்றன. அடித்துவிட்டுச் சரியாக எழுதுகிறார். இடம்மாறிய வடிவின் நடுவே ‘கபுட்’ கேட்கிறது; ஜெர்மனிலும் ரஷ்யத்திலும் அழிந்தது, முடிந்தது என்று பொருள்படும் சொல். வேலையும் வீடும் போன இரவில் ஐம்பதைத் தாண்டிய ஆசிரியர் ஒருவர் எழுத்துப்பிழை திருத்துகிறார். பேச்சில் உறைந்துபோன மொழி, எழுத்தில் இன்னும் திருத்தத்துக்கு இடம் தருகிறது. நாவல் முழுதும் பிறர் கேலி செய்த பிழைகளைக் கண்டோம். ப்னின் தாமே கண்டு தாமே திருத்தும் பிழை இது. ஆங்கிலத் துறைத் தலைவர் காக்கரெல் எத்தனையோ மாலைகளில் நண்பர்களுக்கு நடித்துக் காட்டிய ப்னினிடம் இச்செயல் இல்லை. காக்கரெல் அதனை அறியவும் வழியில்லை.

ப்னினைப் பிழையற்ற தமிழிற் பேசவைத்து மானம் காக்க நினைக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இவ்விடம் எச்சரிக்கையாகும். முன்பு பிழை இல்லையெனில் இங்கே திருத்தத்துக்குப் பொருளில்லை. தமிழில் எழுத்து நிலைமாற்றம் புதிதன்று. விசிறி சிவிறியானதையும் மிஞிறு ஞிமிறானதையும் உரையாசிரியர்கள் காட்டியுள்ளனர். ‘நினைவுறுத்த’ என்பதனை ‘நினைறுவுத்த’ என முதலில் எழுதச் செய்து, அதனை அடித்து, மீண்டும் சரியாக எழுதச் செய்யலாம். ‘கபுட்’ போய்விடும், வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. மூலத்தில் அடிக்கப்பட்டமை ஒரு குறிப்பால் உணர்த்தப்பட்டிருக்கிறது. அக்குறிப்பையும் அடிபட்ட சொல்லையும் மெய்ப்புத் திருத்துவோர் அச்சுப்பிழையெனக் கருதி நீக்கிவிடுவர். அவை நூலில் இடம்பெறும்வரை மொழிபெயர்ப்பாளர் அச்சகத்தில் உடனிருத்தல் நன்று.